நாற்பதில் ஏழு

அந்த ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே ‘அக்கா’, முதுகுக்குப் பின்னால் ‘தசமம்’. புள்ளிக்கு அடுத்து வரும் இரண்டாவது எண்ணுக்காகக்கூட மல்லுக்கு நிற்பவள் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். இருபத்தாறு வருஷமாக அவள் பார்த்துவந்தது ஒரே வேலைதான். இரத்தத்தில் மெக்னீசியம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வாள்.

அதற்கென்று கடைசி அறையில் ஒரு பழைய மெஷின் இருந்தது. இரத்தத்தை உறையவிட்டுச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். அதை ஐம்பது மடங்கு நீர்க்கச் செய்து, மெல்லிய குழாய் வழியாக ஒரு நீலத் தீக்குள் செலுத்த வேண்டும். தீயின் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தை அளக்கும் கண். நடுவில் எரியும் மெக்னீசியம் விளக்கின் வெளிச்சத்தில் எவ்வளவு விழுங்குகிறதோ அதுதான் கணக்கு. எல்லாரும் அதை ‘அடுப்பு’ என்றார்கள். ‘அக்கா அடுப்பு மூட்டியாச்சா?’ என்று காலையில் கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

வார்டு நர்ஸ்களுக்கு அவளைக் கண்டால் ஆகாது. இரத்தம் எடுக்கும்போது ஊசியை வெடுக்கென்று இழுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அவற்றுக்குள் வெளியே இருப்பதைவிட மூன்று மடங்கு மெக்னீசியம் இருக்கிறது. அது சீரத்தில் கசிந்தால் எண் பொய்யாகிவிடும். அதனால் வருகிற ஒவ்வொரு குழாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். இளஞ்சிவப்பு இழையோடினால் போதும், திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரு முறை பிறந்து மூன்று நாளான குழந்தையின் இரத்தத்தை இரண்டு தடவை திருப்பினாள். மூன்றாவது தடவை குத்தியபோது குழந்தை அலறி நீலம் பாய்ந்துவிட்டதாம். நர்ஸ் குழாயை எடுத்துக்கொண்டு அழுதபடியே வந்தாள்.

“அழுகையை அளக்க என்கிட்ட மெஷின் இல்ல. இதை முதல் தடவையே ஒழுங்கா எடுத்திருக்கலாம்” என்றாள் தசமம்.

எண் சரியாக வந்தது, குழந்தையும் பிழைத்தது. ஆனால் அந்த நர்ஸ் அந்த வார்த்தையை மறக்கவில்லை.

வீட்டில் அவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது. அவனைக் கரையேற்றிவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவனுக்கே கல்யாணம் ஆகி, அவன் பெண்டாட்டியும் அதே வீட்டுக்கு வந்து, இவளுக்கு ஐம்பது தாண்டியது. தம்பி அச்சகத்தில் மெஷின் ஓட்டினான். நல்ல வேலைக்காரன், பொல்லாத குடிகாரன். குப்பியில் பேனாவால் கோடு போட்டு வைத்து எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பாள் அக்கா. அவன் அதே கோட்டுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பான். இந்த விளையாட்டு பத்து வருஷம் நடந்தது. கடைசியில் கண் மஞ்சளித்து, வயிறு பானையாக உப்பி, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கல்லீரல் வார்டில் வந்து படுத்தான். ஊழியர் குடும்பம் என்பதால் ஜன்னலோரம் பதினொன்றாம் எண் கட்டில் கிடைத்தது. மற்றவர்களில் பாதிப் பேர் தரையில் பாய் விரித்துக் கிடந்தார்கள்.

பரிசோதனைக்கூடத்துக்குப் புதுத் தலைவர் வந்த வருஷம் அது. மெத்தென்று பேசுகிற மனிதர். யாரையும் அதட்டியதில்லை. வந்த மூன்றாம் மாதம் ஒரு தானியங்கி மெஷினை வரவழைத்தார். அதில் தீ கிடையாது. சீரத்தில் ஒரு சாயத்தைக் கலக்கும். மெக்னீசியம் சாயத்தோடு சேர்ந்தால் சிவக்கும். எவ்வளவு சிவந்ததோ அவ்வளவு மெக்னீசியம். அடுப்பில் நாள் முழுக்க உட்கார்ந்து பார்ப்பதை அது டீ குடித்து முடிப்பதற்குள் பார்த்துவிடும். ஆனால் அடுப்பை நிறுத்துமுன் இரண்டும் ஒரே எண்ணைத்தான் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுக் காகிதத்தில் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த வேலை தசமத்திடம் வந்தது.

நாற்பது பேரின் இரத்தத்தை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை அடுப்பிலும் ஒரு பங்கை மெஷினிலும் ஒரே நாளில் அளந்தாள். எது யாருடையது என்று தெரியாமலிருக்கக் குழாய்களில் வெறும் எண்களை ஒட்டினாள். ஒன்பது நாள் பிடித்தது. முப்பத்து மூன்று குழாய்களில் இரண்டு எண்ணும் முடியளவு வித்தியாசத்தில் ஒத்துப்போயின. ஏழில் ஒத்துப்போகவில்லை. அந்த ஏழிலும் மெஷின்தான் கூட்டிச் சொன்னது.

ஏழு குழாய்களையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். ஏழும் மஞ்சள். எல்லாம் கல்லீரல் வார்டிலிருந்து வந்தவை. பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் பார்த்தபோது அதில் ஒன்று தம்பியுடையது என்று தெரிந்தது. அடுப்பு சொன்னது ஒன்று புள்ளி ஒன்று நான்கு. மெஷின் சொன்னது ஒன்று புள்ளி எட்டு. ஒன்று புள்ளி ஏழுக்குக் கீழே போனால் குறைவு. அடுப்பை நம்பினால் தம்பிக்கு உடனே மெக்னீசியம் ஏற்ற வேண்டும். மெஷினை நம்பினால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அவள் இன்னொன்றும் செய்துபார்த்தாள். மஞ்சள் சீரத்தைச் சாயமே கலக்காமல் மெஷினின் கண்ணுக்குக் காட்டினாள். அப்போதும் அது ஒரு எண்ணைக் காட்டியது. காமாலையின் நிறத்தையே மெக்னீசியம் என்று எண்ணிக்கொண்டிருந்தது மெஷின். தீர்வும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. சீரத்தின் சொந்த நிறத்தை முதலில் அளந்து கழித்துவிடலாம். இல்லாவிட்டால் மஞ்சள் இரத்தத்தை மட்டும் அடுப்புக்கு அனுப்பலாம். இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள். அன்றைக்கே வார்டில் சொல்லித் தம்பிக்கு மெக்னீசியம் ஏற்றவும் வைத்தாள்.

தலைவர் காகிதத்தை நிதானமாகப் படித்தார். அடுப்புக்கான எரிவாயு உருளைகளை அடுத்த வாரம் எடுத்துப்போகிறார்கள், அந்த அறை வேறு துறைக்குக் கொடுத்தாயிற்று, திறப்பு விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார்கள் என்றெல்லாம் சொன்னார். பிறகு அடியில் அவள் போட்டிருந்த வரைபடத்தில் அந்த ஏழு புள்ளிகளை விரல்களால் மறைத்துக் காட்டினார். மற்ற முப்பத்து மூன்றும் இழுத்துக் கட்டிய நூல்போல நேராக இருந்தன.

“ஒட்டாத புள்ளிகளை ஒதுக்குறது வழக்கம்தானேம்மா. நீங்களே ஒரு நல்ல பிரதி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

அவள் முடியாது என்றாள். ஏழும் ஒரே காரணத்தால் ஒட்டாதவை, ஒதுக்கினால் ஆளைக் கொல்லும் என்றாள். அவர் கோபப்படவில்லை.

“உங்க தம்பி பதினொண்ணாம் கட்டில்தானே? ஊழியர் ஒத்துழைப்பா இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கட்டிலெல்லாம். தரையில போட்டா அவரால எழுந்து உட்கார முடியுமா, என்ன?”

அவள் இருக்கைக்குத் திரும்பி வந்தாள். பிறகு புதுக் காகிதம் எடுத்து முப்பத்து மூன்று எண்களைத் தன் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதினாள். ‘இரு முறைகளும் எல்லா நோயாளிகளுக்கும் ஒத்துப்போகின்றன’ என்று கடைசி வரியை எழுதிக் கையெழுத்திட்டாள். தம்பிக்குத்தான் ஏற்றியாயிற்றே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அடுப்பைக் கழற்றினார்கள். விளக்கை ஒருவன் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், மற்றதெல்லாம் தள்ளுவண்டியில் போயிற்று. அவளைப் புது மெஷினில் குழாய் அடுக்க வைத்தார்கள். அது புள்ளிக்குப் பிறகு ஒரே ஒரு எண்ணைத்தான் அச்சடித்தது. முதல் நாட்களில் மஞ்சள் இரத்தத்தின் முடிவுத்தாள்களில் பென்சிலால் ஒரு சிறு கேள்விக்குறி போட்டு அனுப்பினாள். நாலாம் நாள் தலைவர் வந்து பக்கத்தில் நின்று, வார்டில் குழப்பம் வருகிறது, வேண்டாமே என்றார். நிறுத்திக்கொண்டாள். அதன்பின் மஞ்சள் குழாய்கள் அவள் கையால் போயின, வந்தன. அவள் வாய் திறக்கவில்லை. குழாயை ஜன்னலில் தூக்கிப் பார்க்கும் பழக்கமும் நின்றது.

தம்பி நடுவில் வீட்டுக்குப் போனான், மறுபடி குடித்தான், ஐந்தாம் மாதம் மறுபடி வந்து அதே கட்டிலில் படுத்தான். சேர்ந்த மூன்றாம் நாள் முற்பகலில் தம்பி பெண்டாட்டி பரிசோதனைக்கூடத்துக்கு ஓடிவந்தாள். கை கால் வெட்டிவெட்டி இழுக்கிறது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், என்னை யாரென்று கேட்கிறார் என்றாள்.

அக்கா போனபோது தம்பியின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. வார்டு டாக்டர் இளவயதுக்காரர், தூக்கமில்லாத கண். முடிவுத்தாளில் மெக்னீசியம் ஒன்று புள்ளி எட்டு என்றிருந்தது. அது பொய், உண்மையில் பாதிதான் இருக்கும், உடனே ஏற்றுங்கள் என்றாள். சிறுநீரகமும் பழுதாகிக்கொண்டு வருகிறது, அளவு சரியாக இருக்கிறவனுக்கு ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்றார் டாக்டர். அந்த மெஷினுக்கு மஞ்சள் இரத்தம் ஆகாது என்று அவள் சொன்னதும் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நகலை எடுத்துப் போட்டார்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“எல்லா நோயாளிகளுக்கும் ஒத்துப்போகுதுன்னு எழுதியிருக்கீங்க. பொய்யை அப்ப சொன்னீங்களா, இப்ப சொல்றீங்களா?”

அப்போது சொன்னது என்றாள். அவர் நகலை இழுப்பறையில் திருப்பி வைத்தார். உங்கள் வாய்வார்த்தையை வைத்து ஊசி போட மாட்டேன், ஒரு எண் கொண்டு வாருங்கள் என்றார்.

ஊருக்கு வெளியே விவசாயத் துறையின் மண் பரிசோதனை நிலையம் ஒன்று இருந்தது. அங்கே அடுப்பு மாதிரியே ஒரு மெஷின் உண்டு என்று அவளுக்குத் தெரியும். இரத்தம் எடுத்துத் தரச் சொல்லி வார்டு நர்ஸிடம் கேட்டாள். அன்று பச்சைக் குழந்தையை மூன்று தடவை குத்தி, பிறகு இந்த வார்டுக்கு மாறிவந்தவள்தான் அந்த நர்ஸ். டாக்டர் எழுதித் தராமல் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, நகர்ந்தும் போகாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தசமம் தானே ஊசியை எடுத்தாள். அவள் இரத்தம் எடுத்து இருபது வருஷம் ஆகியிருந்தது. தம்பியின் கை துள்ளியது. முதல் குத்தில் நரம்பு தவறியது. இரண்டாவதில் தோலுக்கடியில் இரத்தம் கட்டி நீலமாக வீங்கியது. தம்பி அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். மூன்றாவதில் கிடைத்தது.

“இதை முதல் தடவையே ஒழுங்கா எடுத்திருக்கலாம்” என்றாள் நர்ஸ்.

மண் பரிசோதனை நிலையத்தில் இருந்தவர் முழங்கை வரை புழுதி படிந்த மனிதர். குழாயைப் பார்த்துத் தயங்கினார். இதுவரைக்கும் வயலும் கிணறும்தான் இங்கே வந்திருக்கின்றன, மனுஷன் வந்ததில்லை என்றார். அவள் அங்கேயே சுழற்றி, நீர்க்கச் செய்து, மெக்னீசிய அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டு மூன்று முறை அளந்தாள். மூன்று முறையும் பூச்சியம் புள்ளி எட்டு மூன்று. அவர் அதை அங்கிருந்த சீட்டில் எழுதிக் கொடுத்தார். ‘மண் மாதிரி எண்’ என்று அச்சிட்ட இடத்தை மட்டும் அடித்துவிட்டார்.

அவள் திரும்ப இரண்டரை மணி நேரம் ஆனது. அதற்குள் தம்பிக்கு வலிப்பு வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கட்டிலிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. தரையில் இரத்தத்தைத் துடைத்த ஈரம் காயவில்லை. டாக்டர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரையோ கூப்பிடப் போனவர்போல இரண்டடி நடந்தார், பிறகு திரும்பி வந்து மெக்னீசியம் எழுதினார். சொட்டுச் சொட்டாக ஏறியது. ஒரு மணி நேரத்தில் முகத் துடிப்பு அடங்கியது. மாலைக்குள் பெண்டாட்டியை அடையாளம் தெரிந்தது.

டாக்டர் நன்றி சொல்லவில்லை. கட்டிலருகிலேயே நின்று, இந்த ஐந்து மாதத்தில் இப்படி எத்தனை மஞ்சள் இரத்தம் போயிருக்கும் என்று கேட்டார். அவளுக்குத் தெரியும். தினமும் அடுக்குகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தொண்ணூற்று நான்கு பேர் என்றாள். நாற்பதில் ஏழை ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டதையும் சொன்னாள்.

“ரெண்டு மாசத்துக்கு முன்னால நாலாம் கட்டில்ல ஒரு பொம்பளை இதே மாதிரி இழுத்துக்கிட்டே செத்தா. ஈரல் மயக்கம்னு எழுதி அனுப்பினேன். உங்க மெஷின் ஒண்ணு புள்ளி ஒன்பதுன்னு சொல்லிச்சு. அவளுக்கு இங்க வேலை பார்க்கிற அக்கா இல்ல.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தார்கள். டாக்டர் போன பிறகு கண்ணைத் திறந்தான். கடித்த நாக்கு வீங்கியிருந்ததால் குழறித்தான் பேசினான்.

“ஒதுக்கின ஏழுல என்னோடதும் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“தெரிஞ்சேவா கையெழுத்துப் போட்ட?”

“இந்தக் கட்டிலைப் பிடுங்கிடுவேன்னாங்கடா. நீ தரையில கிடப்பியேன்னு…”

அவன் நல்ல தோள் பக்கமாகப் புரண்டு சுவரைப் பார்த்துப் படுத்தான். மறுநாள் அவள் கரண்டியில் தண்ணீர் கொண்டுபோனபோது வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி கொடுத்தால் குடித்தான். அதற்கடுத்த நாளும் அப்படியே. அவள் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்பாள். அவன் அவளைத் தாண்டி ஜன்னலைப் பார்ப்பான். ஒன்பது வயதிலிருந்து அவள் சோறு ஊட்டி வளர்த்தவன் இருபத்து மூன்று நாள் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு இறந்துபோனான். கல்லீரல் முழுக்க முடிந்திருந்தது. மெக்னீசியம் அன்று சரியாகத்தான் இருந்தது.

பிணத்தை எடுத்த மூன்றாம் நாள் அவள் நாற்பது எண்களையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினாள். விசாரணைக்குழு அமைத்தார்கள். தலைவர் வருத்தத்தோடு பேசினார். எனக்குக் கிடைத்ததே முப்பத்து மூன்று எண்கள்தான், மற்றது இருப்பதே இன்றுதான் தெரிகிறது என்றார். கோப்பில் இருந்த பிரதி அவள் கையெழுத்து, கடைசி வரி அவள் எழுதியது. அவர் ஒரு காகிதத்திலும் ஒரு சொல் எழுதியிருக்கவில்லை. அவள் கொண்டுபோய்க் காட்டிய முதல் காகிதத்தை அன்றே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அது அகப்படவில்லை. கட்டிலைப் பற்றி அவள் சொன்னபோது குழுவில் ஒருவர், உங்கள் தம்பிக்குக் கட்டில் கடைசிவரை இருந்ததுதானே என்று கேட்டார். தம்பியின் சாவுக்குக் காரணம் கல்லீரல், மெக்னீசியம் அல்ல என்று எழுதினார்கள். அது உண்மைதான். நாலாம் கட்டிலைப் பற்றி முடிவு சொல்ல ஆதாரம் இல்லை என்றார்கள். அதுவும் உண்மைதான். ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது அவளை வேலையை விட்டு நீக்கினார்கள். தலைவர் அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். புது மெஷினுக்குச் சாயம் மாற்றினார்கள், சீரத்தின் நிறத்தைக் கழித்துவிட்டு அளக்கிற சாயம். சுற்றறிக்கையில் காரணம் எழுதவில்லை.

தம்பி பெண்டாட்டி துணிமணியை மூட்டை கட்டினாள். அவள் பிறந்த வீட்டில் அண்ணன் கூப்பிட்டிருந்தான். எங்கேயும் போகாதே, எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள் அக்கா. அவள் முடிச்சைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

“உங்க மேல கோவம் இல்லக்கா. ஆனா நீங்க ஊத்தற தண்ணி எனக்கும் இறங்க மாட்டேங்குது.”

அதன்பின் ஒரு மாதம் அக்கா வெளியே வரவில்லை. வந்தபோது நேரே நாலாம் கட்டில்காரியின் வீட்டைத் தேடிப் போனாள். வேலையில் இருந்தபோதே பதிவேட்டிலிருந்து முகவரியைக் குறித்து வைத்திருந்தாள். கூரை தாழ்ந்த ஓர் அறை. வாசலில் சைக்கிள் டயர்கள் தொங்கின. இறந்தவளின் புருஷன் பஞ்சர் ஒட்டுகிறவன். அவள் இன்னார் என்று சொல்லிக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கேட்டான். நான்தான் நாள் கடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன் என்று மாமனார் வீட்டில் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை, நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றான். சரியாக அளந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டான். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம் என்றாள்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். மூன்று பிள்ளைகள் வந்து வரிசையாக நின்றன. மூத்தவளுக்குப் பதினோரு வயது இருக்கும்.

“என்கிட்ட சொன்னதை இவங்ககிட்டயும் சொல்லுங்க” என்றான். “நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

அவள் சொன்னாள். இரத்தத்தில் இருக்க வேண்டிய ஒரு பொருள், அதை அளக்கிற மெஷின், அது மஞ்சள் நிறத்தில் ஏமாறியது, தனக்கு அது தெரிந்திருந்தது, தெரிந்தும் காகிதத்தில் வேறு மாதிரி எழுதியது. சின்னப் பிள்ளைகள் இரண்டும் பாதியிலேயே டயரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டன. மூத்தவள் மட்டும் கண் இமைக்காமல் கேட்டாள்.

“அம்மாவுக்கு நிஜமா எவ்வளவு இருந்துச்சு?”

அந்த இரத்தத்தை யாரும் வேறு எதிலும் அளக்கவில்லை. குழாயை அந்த வாரமே கழிவில் கொட்டியிருப்பார்கள்.

“தெரியாதும்மா” என்றாள்.

பெண் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தாள். அப்பன்காரன் மறுபடி குந்தி உட்கார்ந்து, ஓட்டை இருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினான். பஸ் நிற்கிற இடம் வலது கைப் பக்கம் என்றான் நிமிராமலே. அவள் அந்தப் பக்கமாக நடந்தாள். பெண் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.